சோறு இனி தொட்டுக்க: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகான சாப்பாடு

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், அக்கா ஒரு டம்ளர் பருப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருமல் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் மூடி. அதில் 15 மில்லி ஊற்றுவாள், உறிஞ்சுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். "ஒரு டம்ளர் தண்ணியைக் குடிக்க ஒரு மணி நேரமாடி?" என்றாள் அம்மா. அதுவரை எங்கள் வீட்டில் சாப்பாட்டைப் படியால் அளந்திருக்கிறோம், கரண்டியால் அளந்திருக்கிறோம். மருந்து மூடியால் அளந்ததில்லை.

எத்தனை கிலோ குறையும், எவ்வளவு செலவாகும் என்பதை எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்பில் என்ன வைப்பது, எதை முதலில் வாயில் போடுவது, பந்தியில் எப்படி உட்காருவது என்பதையெல்லாம் நாங்களாகத்தான் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டோம். நான் மருத்துவர் அல்ல, அக்காவுக்குச் சமைத்துப் போட்டவள். அவளுடைய டாக்டரும் டயட்டீஷியனும் சொன்னதையும், அடுப்படியில் புரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள்தான் சட்டம்.

உள்ளே என்ன மாறியது

நம் ஊரில் அதிகம் நடப்பவை இரண்டு. ஒன்று ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு லிட்டருக்கு மேல் பிடித்த பை, வாழைப்பழம் மாதிரி ஒடுங்கி, சுமார் 100 முதல் 150 மில்லி பிடிக்கிற குழாயாகிவிடும். இரண்டாவது பைபாஸ். (இதைச் சொன்னாலே "ஹார்ட்டா?" என்று பதறுவார்கள். அது வேறு பைபாஸ்.) இதில் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ்.

பைபாஸ் பிறந்த கதை சுவாரசியமானது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் அதன்பின் எடை கூடாமல் மெலிந்தே இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். அதையே சிகிச்சையாக மாற்றியவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் மேசன். வருடம் 1966. ஸ்லீவ் வந்த வழி வேறு. மிகப் பருமனானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை இரண்டு தவணையாகச் செய்தபோது அதுதான் முதல் தவணை. பலருக்கு அந்த முதல் தவணையிலேயே போதுமான எடை குறைந்ததால் அது தனி ஆபரேஷனாக நிலைத்துவிட்டது.

பை சின்னதாவது பாதிக் கதைதான். பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் வளைவில்தான் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் மசயாசு கொஜிமாவும் கென்ஜி காங்காவாவும் கண்டுபிடித்த ஹார்மோன் இது. ஸ்லீவில் அந்த வளைவே போய்விடுகிறது. அதனால் முதல் மாதங்களில் பலருக்குப் பசியே எடுப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பசி இல்லாதவரைச் சாப்பிட வைப்பது எவ்வளவு பாடு என்று காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஊட்டியவர்களுக்குத் தெரியும். அக்கா கைப்பேசியில் அலாரம் வைத்துத்தான் சாப்பிட்டாள்.

தண்ணீரிலிருந்து கூழுக்கு

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய ரசம், டாக்டர் சொன்னால் இளநீர். பிறகு இரண்டாம் வாரம் முடியும்வரை மோர், பால், வடிகட்டிய சூப், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். மூன்றாம், நான்காம் வாரங்களில் மிக்ஸியில் அடித்தது. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் விரலால் அழுத்தினால் மசிகிற பதம். அதன்பின் மெல்ல மெல்ல எல்லோரும் சாப்பிடுவது. இது பொதுவான வரிசை. நாள் கணக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இந்த வரிசை எதற்கு? உள்ளே வெட்டிய இடத்தை ஸ்டேப்ளர் பின் வைத்து நீளமாகத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை கெட்டிச் சாப்பாட்டின் அழுத்தம் அதன்மேல் விழக்கூடாது. "இட்லிதானே, மெத்துன்னுதானே இருக்கு, ஒரு வாய் வாங்கிக்கோ" என்று பத்தாம் நாள் அம்மா கிண்ணத்தோடு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தடுக்க வேண்டியிருந்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் ஆனவளுக்குத் தெம்பாகக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த வைத்தியம். பட்டினி போடுகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் உள்ளே போக வேண்டும். முதல் மாதத்தில் இதுதான் பெரிய வேலை. மடக் மடக்கென்று குடிக்க முடியாது. நெஞ்சு அடைத்து, குடித்தது அப்படியே மேலே வரும். நாள் முழுக்கப் பாட்டில் கையோடு இருக்க வேண்டும், சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டும். சிறுநீர் மஞ்சள் கூடி, தலை சுற்றினால் நீர் பற்றவில்லை என்று பொருள். ஆபரேஷன் ஆனவர்கள் திரும்பவும் மருத்துவமனையில் சேர இந்த நீரிழப்பு ஒரு முக்கியக் காரணம். சோடா, கலர் எதுவும் வேண்டாம். வாயு அந்தச் சின்னக் குழாயில் கிடந்து படாத பாடு படுத்தும்.

செம்பை நகர்த்தி வை

இலை போட்டதும் பக்கத்தில் தண்ணீர் வைப்பது நம் முறை. விக்கினால் "தண்ணியைக் குடி" என்பதும் நம் முறை. இந்த இரண்டையும் மறக்க வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் இருக்கிற கொஞ்ச இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அல்லது சாப்பாட்டைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். முதலாவது நடந்தால் சத்து போகாது, இரண்டாவது நடந்தால் வயிறு நிறைந்த உணர்வே வராமல் இன்னும் சாப்பிடத் தோன்றும். அதனால் சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பாட்டிலைத் தொட வேண்டும்.

விக்கல் இன்னும் முக்கியம். பழைய வயிறு நிறைவதைச் சொல்ல நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். புது வயிறு சின்னச் சின்னச் சாடைகளில் சொல்கிறது: ஒரு விக்கல், ஒரு பெருமூச்சு, திடீரென்று மூக்கில் நீர், நடு நெஞ்சில் ஓர் அழுத்தம். ஆளுக்கு ஆள் மாறும். அக்காவுக்கு விக்கல். அது வந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரே ஒரு வாய் போட்டாலும் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி நின்றுவிடும்.

அப்படி நிற்பதை ஒருமுறையாவது எல்லோரும் அனுபவிப்பார்கள் போலிருக்கிறது. ஏழாம் வாரம் அக்கா அவசரத்தில் காய்ந்த கோழித்துண்டு ஒன்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டாள். மார்பெலும்புக்குப் பின்னால் வலி, வாயில் எச்சில் ஊற்றெடுத்து நுரை நுரையாக வந்தது. நான் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். அதுதான் தவறு. அடைத்த குழாய்க்கு மேல் தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போகும்? எல்லாம் மேலேதான் வந்தது. அப்படி ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எழுந்து மெல்ல நடந்து, பொறுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். சில மணி நேரமாகியும் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று பாட்டி சொன்னதை இப்போதுதான் இருவரும் கேட்கிறோம். ஒவ்வொரு வாயும் கூழாகிறவரை மெல்ல வேண்டும். கால் கிண்ணம் சாப்பாட்டுக்கு 20 நிமிடம். இதில் எங்களுக்கு ஒரு சின்ன விஷயம் பிடிபட்டது. கையால் பிசைந்து உருட்டும்போது அக்காவின் விரல்கள் பழைய அளவிலேயே கவளம் பிடித்தன. வயிறு மாறிவிட்டது, கைக்கு அது தெரியவில்லை. டீஸ்பூனுக்கு மாறியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. ஆறேழு மாதம் கழித்துத்தான் மறுபடி கையால் சாப்பிட்டாள். அப்போது கவளம் சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது.

முப்பது இட்லிக் கணக்கு

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள். எடை வேகமாகக் குறையும்போது புரதம் பற்றாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். தசை கரைந்தால் படி ஏற முடியாது, சோர்வு போகாது, பின்னாளில் எடை திரும்ப ஏறுவதும் சுலபமாகிவிடும்.

இப்போது நம் சாப்பாட்டைப் பாருங்கள். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். 60 கிராம் வேண்டுமானால் முப்பது இட்லி. அக்காவுக்கு அப்போது இறங்கியது அரை இட்லி. தெம்பு என்று நாம் நம்புகிற கேழ்வரகுக் கஞ்சியில் கால்சியம் உண்டு, ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். ரசம் சாதமோ கேட்கவே வேண்டாம்.

மறுபக்கம், ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் வரை. பன்னீரில் கிட்டத்தட்ட 18. வேகவைத்த கொண்டைக்கடலையில் எட்டு ஒன்பது. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. சோயா உருண்டையில், காய்ந்த எடைக்கு, பாதிக்குப் பாதி புரதம்தான். சைவக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டம்தான். பருப்பு, பன்னீர், தயிர், சோயா எல்லாம் சேர்ந்தும் எட்டாமல் முதல் மாதங்களில் புரோட்டீன் பவுடர் துணைக்கு வரும். அக்கா முட்டையும் மீனும் சாப்பிடுவாள் என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

நம் தட்டில் நடுவில் சோறு மலையாக இருக்கும், மற்றதெல்லாம் ஓரத்தில் தொட்டுக்கொள்ள. "சாப்பிட்டாயா?" என்றால் சோறு சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். டிபன் சாப்பிட்டவர் "இன்னும் சாப்பிடலை" என்பார். அரைக் கிண்ணம்தான் கொள்ளளவு என்று ஆகிவிட்டால் இந்தத் தட்டு வேலைக்கு ஆகாது. சோற்றில் ஆரம்பித்தால் மூன்றாவது வாயில் வயிறு நிறைந்துவிடும், மீனும் கீரையும் அப்படியே கிடக்கும். போதாததற்கு, முதல் மாதங்களில் பலருக்குச் சோறு உள்ளே போய் ஒட்டிக் கட்டியாகி நிற்கும். ரொட்டியும் புட்டும் அப்படியே.

ஆகவே தட்டைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மீன், முட்டை, பன்னீர், கெட்டிப் பருப்பு என்று புரதம் எதுவோ அது. அது முடிந்தால் கூட்டோ கீரையோ. அதற்கும் பிறகு இடம் இருந்தால் குழைந்த சோறு இரண்டு ஸ்பூன். "இவ்வளவு நாளும் சோத்துக்குக் குழம்பைத் தொட்டுக்கிட்டோம், இனிமே குழம்புக்குச் சோத்தைத் தொட்டுக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டாள் அக்கா. டயட்டீஷியன் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியதை ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அடுப்படியில் இதனால் நிறைய மாறியது. மீனை வறுக்காமல் குழம்பிலோ ஆவியிலோ வேகவைத்தோம். வறுத்தால் ஓரம் காய்ந்துபோய் அடைக்கிறது. சாம்பாரில் பருப்பு இரண்டு மடங்கு, புளி பாதி. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த கெட்டித் தயிர் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சமாக மிளகும் உப்பும் போட்டால் போதும். அடைமாவில் பருப்பைக் கூட்டி மெல்லிசாக வார்த்தால் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு நன்றாக இறங்கியது. அதே அடையை மொறுமொறுவென்று வார்த்த நாளில் அடைத்துக்கொண்டது.

வழுக்கி இறங்குபவை

மீன் நாலு வாயில் நிறுத்திவிடும். முறுக்கு நிறுத்தாது. அது எச்சிலில் கரைந்து மாவாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். டீயில் நனைத்த பிஸ்கட், மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம், அல்வா எல்லாம் இந்த ரகம். சின்ன வயிறு இவற்றைத் தடுப்பதில்லை. டிவி பார்த்தபடியே ஒரு பாக்கெட் காலியாகிவிடும். ஆபரேஷன் செய்தும் எடை ஏறிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால், சாப்பாட்டு வேளையில் அவர்கள் உண்மையிலேயே கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் கை சும்மா இருந்திருக்காது.

கண்ணாலும் நாக்காலும் வருகிற பசியை ஆபரேஷன் அடியோடு போக்கிவிடுவதில்லை. வயிற்றுப் பசி மெல்லத் தலைகாட்டும், எது கிடைத்தாலும் அடங்கும். வாய்ப் பசி திடுமென்று வரும், குறிப்பாக ஒன்றைத்தான் கேட்கும். சாயங்காலம் நாலரைக்குப் பஜ்ஜி கேட்பது வயிறு அல்ல. அக்கா கஷ்டப்பட்டது ஊசியிலும் தையலிலும் இல்லை, இதில்தான். ஆபீசில் யாரோடாவது மனஸ்தாபம் என்றால் வரும் வழியில் பேக்கரியில் நிற்பது அவள் இருபது வருடப் பழக்கம். அந்தக் கதவு அடைபட்டதும் கோபம் போக வேறு வழி தெரியாமல் இரண்டு மாதம் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தாள். மனநல ஆலோசகரைப் பார்க்க மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் "அதெல்லாம் எதுக்கு" என்று விட்டிருந்தோம். பிறகு போனாள். முன்பே போயிருக்கலாம்.

இனிப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. அத்தானின் நண்பர் ஒருவர் பைபாஸ் செய்துகொண்டவர். ஒரு கல்யாணத்தில் முக்கால் கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கி, மண்டப வராண்டாவில் படுத்துவிட்டார். மாரடைப்பு என்று எல்லோரும் ஓடினார்கள். இதற்கு டம்பிங் என்று பெயர். இரைப்பையில் நின்று நிதானமாக இறங்க வேண்டிய சர்க்கரை, மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டிவிடுகிறது. அந்த அடர்ந்த சர்க்கரையைக் கரைக்க உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் பாய்கிறது. அதனால்தான் மயக்கமும் படபடப்பும். இது 10 முதல் 30 நிமிடத்தில் வருவது. இன்னொன்று ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறியதைப் பார்த்துக் கணையம் இன்சுலினை அள்ளிவிட, ரத்தச் சர்க்கரை தேவைக்குக் கீழே விழுந்துவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். வண்டி ஓட்டும்போது வந்தால் ஆபத்து. பைபாஸ்காரர்களுக்கு இரண்டும் அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கு அவ்வளவு இல்லை, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை டப்பா

சாப்பிடுவது கொஞ்சம், பைபாஸில் அதிலும் பாதி வழி மாறிப் போகிறது. அதனால் வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று இரண்டாம் வருடம் நிறுத்துகிறவர்கள் நிறைய. பி12 குறைவது உடனே தெரியாது. உடம்பில் இருக்கிற சேமிப்பு பல மாதங்கள் தாங்கும். அது தீர்ந்த பிறகு கால் மரத்துப்போகும், மறதி வரும். சைவக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே சேமிப்பு குறைவு.

கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. அமிலம் குறைந்த வயிற்றில் கால்சியம் சிட்ரேட் நன்றாகச் சேரும் என்பதால் அதைத்தான் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காப்பி, டீயோடும் கூடாது. காலைக் காப்பியும் மாத்திரையும் ஒன்றாகப் பழகிய வீட்டில் இது ஒரு யுத்தம். நாங்கள் இரும்பை ராத்திரிக்கு மாற்றிச் சமாளித்தோம். முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆபரேஷனுக்குப் பிறகு நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தயமின் என்ற பி1 வைட்டமின் சீக்கிரம் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். இது அவசர நிலை, மூளையைப் பாதிப்பது. நம் ஊரில் சோர்வு என்றால் உடனே பக்கத்து கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்போம். இந்த நிலைமையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாந்தி இத்தனை நாளாக என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரோஃபென் போன்றவையும் இனி டாக்டரைக் கேட்காமல் கூடாது. முக்கியமாகப் பைபாஸில், இணைத்த இடத்தில் புண் வரும். புகைபிடிப்பதும் அதே புண்ணைக் கொண்டுவரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அளவு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே மாறக்கூடும். பழைய சீட்டை வைத்துப் பழைய அளவில் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு ஒன்று. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து வருடக்கணக்கில் கருத்தரிக்காதவர்களுக்கு, எடை குறையத் தொடங்கியதும் எதிர்பாராமல் கரு நிற்பதுண்டு. ஆனால் 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடத்தான் சொல்கிறார்கள். எடை வேகமாக இறங்குகிற காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு சரியாகச் சேராமல் போகலாம் என்பதால் வேறு வழி எது என்று மகப்பேறு மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடும் வெளியும்

ஆபரேஷன் நடந்த அன்றே அல்லது மறுநாளே நடக்க வைத்துவிடுவார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் பலர் ஆபீஸ் போய்விடுகிறார்கள். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், இடுப்புக் குழந்தை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெளியே தெரிகிற தழும்பு அரை அங்குலம்தான் என்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கு இது மறந்தே போகும்.

மூன்றாம் வாரத்தில் எடை அப்படியே நின்றுவிடும். எல்லோரும் பயப்படுகிற கட்டம் இது. முதலில் போனதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீர். அது போய் முடிந்ததும் உடம்பு கொஞ்சம் நிதானிக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி இறங்கும். எடை மெஷினை நான் பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டேன். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். அம்மா மூன்று விதமாக எண்ணெய் காய்ச்சினாள். உடம்பு அதிர்ச்சி கண்டால் முடி மொத்தமாக ஓய்வுக்குப் போய் உதிர்வதுதான் இது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். முளைத்தது. அம்மா எண்ணெய்க்குப் பெயர் வாங்கிக்கொண்டாள்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனிக் கலை. பருமனாக இருந்தபோது "கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களே ஆறாம் மாதம் "என்னடி இப்படி இளைச்சுட்டே, சுகரா?" என்றார்கள். முகம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி இருந்தது உண்மைதான். அக்கா எல்லோரிடமும் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. சிலரிடம் அல்சர் என்றாள். சொல்வதும் சொல்லாததும் அவரவர் இஷ்டம். சாப்பாட்டு வீட்டில் கூட இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் நல்லது.

பந்தியில் பரிமாறுகிறவர் வருவதற்குள் இலையைப் பாதியாக மடித்துவிடுவது எங்கள் முதல் உபாயம். இரண்டாவது, பக்கத்தில் நான். அவள் இலையில் விழுந்த வடை என் இலைக்கு வந்துவிடும். (அந்த வருடம் நான் மூன்று கிலோ ஏறினேன்.) மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு இலையில் சோறு கிடக்க எழுந்திருப்பது லேசான காரியமில்லை. விக்கல் வந்த பிறகும் "இந்த ஒரு வாய்தானே" என்று அக்கா முடித்த நாட்கள் உண்டு. எல்லா நாளும் மண்டபத்துப் பின்கட்டில் வாந்தியில்தான் முடிந்தன.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். முதல் சில வாரங்களில் காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல் ஆகியவை தையல் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். பிற்பாடு எப்போதானாலும் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுப்பாக மலம் போவது, சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலி. கடைசியில் சொன்னது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாகக் குறைகிறவர்களுக்கு அது உருவாவது சகஜம், தடுக்க ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதும் உண்டு. இதில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

112 கிலோவில் ஆபரேஷன் செய்துகொண்ட அக்கா ஒரு வருடத்தில் 80-க்கு வந்தாள். பசி எட்டாம் மாதம் திரும்பி வந்தது. பலருக்கும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் வரும் என்று சொல்லியிருந்ததால் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று பயப்படவில்லை. இரண்டாம் வருடம் மூன்று கிலோ ஏறியது, அதுவும் எதிர்பார்த்ததுதான். நேற்று மதியம் அவள் சாப்பிட்டது: சங்கரா மீன் இரண்டு துண்டு, முருங்கைக்கீரை ஒரு கரண்டி, மீன்குழம்பு ஊற்றிய சோறு நாலு ஸ்பூன். அம்மா இப்போதும் ஐந்தாவது ஸ்பூனோடு நிற்கிறாள். தண்ணீர்ச் செம்பு மட்டும் அடுப்படியிலேயே இருக்கிறது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து அக்காவே எழுந்து போய்க் குடித்துக்கொள்கிறாள்.